வெல்டர்வெயிட் வீரரை எடைபோடுவது எப்படி? விட்டேக்கரின் சர்ச்சைத் தீர்ப்புகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் பெர்னல் விட்டேக்கரின் பதிவேடு 40 வெற்றி, 4 தோல்வி, 1 டிரா என்று முடிகிறது. கூடவே முடிவு ரத்தான ஒரு சண்டை. 40 வெற்றிகளில் நாக் அவுட் 17தான். இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு அவர் ஒரு நல்ல வீரர், அவ்வளவே. ஆனால் அந்த ஒரு டிராவும், நான்கு தோல்விகளில் இரண்டும் இன்றுவரை வாதத்தில் இருக்கின்றன. அவர் வென்றதாக எழுதப்பட்ட ஒரு சண்டையும் அப்படித்தான். அதை மட்டும் அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

நாக் அவுட் குறைவாக உள்ள வீரரின் வாழ்க்கை நடுவர்களின் பென்சிலில் இருக்கிறது. அதனால் அவரை மதிப்பிடும்போது பதிவேட்டை அப்படியே நம்பவும் முடியாது, "கொள்ளையடித்துவிட்டார்கள்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கவும் முடியாது. ஒவ்வொரு சர்ச்சைத் தீர்ப்பையும் சுற்றுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை கிடைக்கும்: உண்மையான இழுபறி, ஏற்கத்தக்க முடிவு ஆனால் கெட்ட அட்டை (நடுவரின் புள்ளிப் பட்டியல்), தவறான தீர்ப்பு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால்தான் பெரும்பாலான வாதங்கள் முடிவதே இல்லை. பிரித்துப் பார்க்கும் முறை கீழே. ரெஃபரி என்பது வளையத்துக்குள் நிற்பவர். நடுவர் என்பது வெளியே உட்கார்ந்து புள்ளி போடுபவர்.

முதல் படி: சண்டைகளை எடைப்பிரிவு வாரியாக அடுக்குங்கள்

ஒரு தாளில் ஆறு பத்திகள் போதும்: தேதி, எடைப்பிரிவு, எதிராளி, இருவரின் வயது, முடிவு, முடிவின் வகை. கடைசிப் பத்தியில் ஒருமனதான தீர்ப்பா, பிளவுத் தீர்ப்பா, பெரும்பான்மைத் தீர்ப்பா என்று எழுதுங்கள். மூன்று நடுவர்களும் ஒருவருக்கே கொடுத்தால் ஒருமனது. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் பிளவு. இருவர் ஒருவருக்குக் கொடுத்து மூன்றாமவர் சமம் போட்டால் பெரும்பான்மை. இருவர் சமம் போட்டால், மூன்றாமவர் யாருக்குக் கொடுத்திருந்தாலும் அது பெரும்பான்மை டிரா.

எடை ஏன் முக்கியம்? வெல்டர்வெயிட்டின் மேல் எல்லை 147 பவுண்டு, ஏறத்தாழ 66.7 கிலோ. லைட்வெயிட்டுக்கு 135, லைட் வெல்டருக்கு 140, லைட் மிடிலுக்கு 154 பவுண்டு. விட்டேக்கர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது லைட்வெயிட்டில். 1989 பிப்ரவரியில் கிரெக் ஹாகனை வென்று ஐ.பி.எஃப். பட்டம் எடுத்ததும் (இதுவும் பின்னால் வரும் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஓ.வும் உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகள்), 1990 ஆகஸ்டில் ஹுவான் நசாரியோவை முதல் சுற்றிலேயே வீழ்த்தி அந்த எடையின் பட்டங்களை ஒன்றாக்கியதும் 135இல்தான். 1992 ஜூலையில் ரஃபேல் பினேடாவை வென்று 140. 1993 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி மெக்கர்ட்டை வென்று டபிள்யூ.பி.சி.யின் 147. 1995 மார்ச்சில் ஹூலியோ சீசர் வாஸ்கெஸிடம் டபிள்யூ.பி.ஏ.யின் 154. வெல்டர்வெயிட்டில் அவரைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இயல்பிலேயே சிறிய உடலை எடைக்கு மேல் கொண்டுவந்த ஒருவரைப் பார்க்கிறார்கள். அவருடைய குத்தில் அங்கே கனம் குறைந்ததை வயதின் கணக்கில் மட்டும் போட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: உச்சக் காலத்துக்கு எல்லை போடுங்கள்

சண்டை முடிவுகளைப் பார்க்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பார்த்தபின் போட்டால், தோற்ற சண்டைகள் எல்லாம் தானாகவே உச்சத்துக்கு வெளியே போய் விழும். கால் வேகம், அடி வாங்கும் அளவு, விழுந்த எண்ணிக்கை ஆகிய மூன்றும் எப்போது மாறத் தொடங்கின என்று பாருங்கள்.

விட்டேக்கருக்கு 1989 தொடக்கம் முதல் 1995 வரை என்று வைப்பது நியாயம். 1997 ஜனவரியில் டியோஸ்பெலிஸ் ஹுர்ட்டாடோ அவரைக் குத்தித் தரையில் விழவைத்தார். புள்ளியில் பின்தங்கியிருந்த விட்டேக்கர் 11ஆம் சுற்றில்தான் அவரை நிறுத்தினார். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய விட்டேக்கர் அந்த நிலைக்குப் போயிருக்க மாட்டார். 1999 பிப்ரவரியில் ஃபெலிக்ஸ் டிரினிடாடிடம் தோற்றபோது அவருக்கு 35, டிரினிடாடுக்கு 26. அந்தத் தோல்வியில் சர்ச்சை எதுவும் இல்லை. ஆனால் மதிப்பீட்டில் அதன் கனம் குறைவு. 2001இல் காறை எலும்பு முறிந்து நின்றுபோன கடைசிச் சண்டைக்கு இன்னும் குறைவு.

1997 அக்டோபரில் ஆந்த்ரே பெஸ்ட்ரியாயெவை அவர் வென்ற முடிவு, போதைப்பொருள் சோதனையில் அவர் சிக்கியதால் ரத்தானது. உச்சக் காலம் ஏன் முடிந்தது என்பதை எழுதும்போது அதை விட்டுவிடக் கூடாது. நேசிக்கும் வீரரைப் பற்றி எழுதும்போது இந்த வரிதான் முதலில் காணாமல் போகும்.

மூன்றாம் படி: எதிராளியின் தரம்

பட்டம் வைத்திருந்தாரா என்பது மட்டும் போதாது. நான்கு கேள்விகள்: அன்று அவருடைய இயல்பான எடை என்ன? காயமோ நீண்ட இடைவெளியோ இருந்ததா? அதற்கு முன் யாரை வென்றிருந்தார்? அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தார்?

கடைசிக் கேள்வி பலர் கேட்காதது. ஹூலியோ சீசர் சாவேஸ் 87 வெற்றிகளோடு, ஒரு தோல்விகூட இல்லாமல் விட்டேக்கரிடம் வந்தார். நான்கே மாதம் கழித்து, 1994 ஜனவரியில், ஃபிராங்கி ரேண்டல் அவருக்கு முதல் தோல்வியைக் கொடுத்தார். இதிலிருந்து இரண்டு விதமாக முடிவு கட்டலாம்: சாவேஸ் அப்போதே சரியத் தொடங்கியிருந்தார், அல்லது விட்டேக்கருடன் போட்ட 12 சுற்றுகள் அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டன. இரண்டுமே கொஞ்சம் உண்மை. சாவேஸ் இயல்பில் 140 பவுண்டு வீரர் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் படம் முழுமை.

மெக்கர்ட் இன்னொரு வகை. முதல் சண்டையில் அவருடைய இடது தோள் காயத்தில் இருந்தது. ஆகவே அந்த வெற்றிக்கு முழு மதிப்பு தரத் தயங்கலாம். 1994 அக்டோபர் மறுசண்டையில் விட்டேக்கர் இன்னும் தெளிவாக வென்றார். காயத்தால் சந்தேகம் வந்த இடத்தில் மறுசண்டை இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக மதிப்பிடுங்கள்.

நான்காம் படி: அட்டையின் எண்களைப் பிரித்துப் படியுங்கள்

சண்டையைப் பார்க்கும் முன்பே அட்டையிலிருந்து நிறைய தெரிந்துகொள்ளலாம். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்தால் பொதுவாக 10-8. ரெஃபரி புள்ளி கழித்தால் அது தனியே போகும். 12 சுற்றும் 10-9 என்றால் இருவரின் கூட்டுத்தொகை 228. மூன்று விதிகளை மனதில் வையுங்கள்:

கூட்டுத்தொகை சரியாக 228 என்றால், ஒருவரின் மதிப்பெண்ணிலிருந்து 108ஐக் கழித்தால் அவர் வென்ற சுற்றுகள் கிடைக்கும். 115-113 என்றால் 7 சுற்று, 5 சுற்று. 117-111 என்றால் 9, 3.

228ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது ஒரு சமச் சுற்று, அதாவது ஒரு 10-10, இருக்கிறது.

228க்குக் கீழே போனால் வீழ்ச்சியோ புள்ளிக் கழிப்போ இருக்கிறது.

1993 செப்டம்பர் 10 அன்று சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் நடந்த சாவேஸ்–விட்டேக்கர் சண்டைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுவர் விட்டேக்கருக்கு 115-113 கொடுத்தார். மற்ற இருவரும் 115-115. அதன் கூட்டுத்தொகை 230. அதாவது அந்த இரண்டு அட்டைகளிலும் குறைந்தது இரண்டிரண்டு சுற்றுகளுக்கு நடுவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. சமச் சுற்று விதிப்படி தவறல்ல. ஆனால் உலகப் பட்டச் சண்டையில் ஒரே அட்டையில் இரண்டு வந்தால், எந்தச் சுற்றுகள் அவை என்று கண்டுபிடித்து அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெளிவாக ஒருவர் வென்ற சுற்று 10-10 ஆக எழுதப்பட்டிருந்தால், அங்கேதான் சண்டை கைமாறியது.

1997 ஏப்ரல் 12, லாஸ் வேகஸ், ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கு எதிரான சண்டை இன்னும் நல்ல பயிற்சி. அட்டைகள் 115-111, 116-110, 116-110; மூன்றும் டி லா ஹோயாவுக்கு. மூன்றின் கூட்டுத்தொகையும் 226. குறையும் இரண்டு புள்ளிகள் எங்கே? 3ஆம் சுற்றில் தலைமோதலுக்காக விட்டேக்கருக்கு ஒரு புள்ளி போனது. 9ஆம் சுற்றில் டி லா ஹோயா விழுந்ததாகக் கணக்கிடப்பட்டது, அங்கே இன்னொன்று. இயல்பான கணக்கில் 116-110 என்பது டி லா ஹோயாவுக்கு 9 சுற்று, விட்டேக்கருக்கு 3. 115-111 என்பது 8-4.

இந்தச் சண்டை பற்றிய வாதங்களில் பலர் புள்ளிக் கழிப்பையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தாலும் 116-111தான், எதுவும் மாறாது. உண்மையான கேள்வி, விட்டேக்கர் அந்த இரவில் மூன்றே சுற்றுகள்தான் வென்றாரா என்பது.

ஐந்தாம் படி: எத்தனை சுற்று மாற வேண்டும்?

ஒரு சுற்று கைமாறினால் இடைவெளி இரண்டு புள்ளி குறையும். 115-113 அட்டையில் ஒரு சுற்று மாறினால் 114-114. இரண்டு மாறினால் முடிவே தலைகீழ். 115-111க்கு டிரா ஆக 2 சுற்று, தலைகீழாக 3. 116-110க்கு 3, 4.

வேறு வீரர்களின் சண்டை ஒன்றைப் பாருங்கள். 2012 ஜூன் 9 அன்று மேனி பாக்கியாவ்–டிமதி பிராட்லி சண்டையில் இரண்டு நடுவர்கள் பிராட்லிக்கு 115-113, ஒருவர் பாக்கியாவுக்கு 115-113. அந்த இரண்டு அட்டைகளில் தலா ஒரே சுற்று மாறியிருந்தால் முடிவு டிரா. தலா இரண்டு மாறியிருந்தால் பாக்கியாவ் வென்றிருப்பார். முடிவு தவறு என்று காட்ட அட்டைக்கு இரண்டு சுற்று போதும். அந்தச் சண்டையை டபிள்யூ.பி.ஓ. ஐந்து நடுவர்களிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னபோது, ஐவரும் பாக்கியாவ் வென்றதாகவே எழுதினார்கள். அதிகாரபூர்வ முடிவு மட்டும் மாறவில்லை.

ஆறாம் படி: நீங்களே புள்ளி போடுங்கள்

இதுதான் வேலையின் மையம். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

முழுச் சண்டையின் வெட்டாத ஒளிப்பதிவு வேண்டும். சுருக்கப்பட்ட தொகுப்பில் புள்ளி போடவே கூடாது. தொகுப்பவர் பெரிய குத்துகளை மட்டும் எடுத்திருப்பார், ஜாப்பால், அதாவது முன்னே நிற்கும் கையின் விரைவான நேர்க்குத்தால், வென்ற சுற்றுகள் வெற்றிடமாகிவிடும். விட்டேக்கர் போன்ற வீரருக்கு அது பெரும் அநியாயம்.

ஒலியை முழுவதுமாக அணையுங்கள். வர்ணனையாளர் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டால் அதற்குப் பொருந்தும் குத்துகளை மட்டுமே சொல்வார். கூட்டத்தின் சத்தம் அதைவிட மோசம். அலமோடோமில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் சாவேஸுக்காக. அவருடைய குத்து விட்டேக்கரின் முழங்கையில் பட்டாலும் அரங்கம் அதிரும். ஒலியோடு பார்த்தால் அந்தக் குத்து உங்கள் அட்டையிலும் ஏறிவிடும்.

முதல் முறை நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல், இயல்பான வேகத்தில் பாருங்கள். நடுவருக்கும் அப்படித்தான் வாய்ப்பு: மூன்று நிமிடம் பார்த்து, ஒரு நிமிட இடைவேளைக்குள் எழுத வேண்டும். இடைவேளையில் காட்டப்படும் மறுகாட்சிகளைப் பார்க்காதீர்கள். தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த ஒரே குத்து முழுச் சுற்றையும் மறக்கடித்துவிடும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் வென்றவரின் பெயரோடு ஓர் உறுதிக் குறியும் போடுங்கள். 'தெளிவு' என்றால் நியாயமான எவரும் வேறு மாதிரி கொடுக்க முடியாது. 'சாய்வு' என்றால் ஒருவர் பக்கம் சாய்கிறது, ஆனால் மறுதரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. 'இழுபறி' என்றால் எப்படியும் போகலாம். இழுபறிக்கும் 10-9 போட்டே பழகுங்கள். உண்மையிலேயே பிரிக்க முடியாத ஒரு சுற்றுக்கு மட்டும் 10-10.

எதைப் பார்ப்பது? நான்கு அளவுகோல்கள்: சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தரும் முன்னேற்றம், வளையத்தைக் கட்டுப்படுத்துதல், தற்காப்பு. இவை சம எடை உள்ளவை அல்ல. சுத்தமான குத்து முதலில். அதில் பிரிக்க முடிந்தால் மற்ற மூன்றும் தேவையே இல்லை. கட்டுப்படுத்துதலையும் தற்காப்பையும் வைத்து மட்டும் ஒரு சுற்றைக் கொடுக்கிறீர்கள் என்றால் அது 'சாய்வு'தான், ஒருபோதும் 'தெளிவு' அல்ல. விட்டேக்கரை விரும்புபவர்கள் தவறுவது இங்கேதான். அவர் குனிந்து நழுவி எதிராளியை நான்கு குத்து வீணடிக்கவைப்பது பார்க்க அற்புதம். ஆனால் அதன் பிறகு அவர் ஒன்றுகூட அடிக்காமல் விலகிப்போனால் புள்ளிக்கு அதில் ஒன்றும் இல்லை.

மறுபக்கத் தவறு இன்னும் பரவலானது: முன்னால் நடப்பதையே முன்னேற்றம் என்று எண்ணுவது. சாவேஸ் சண்டை முழுக்க முன்னால் வந்தார். வந்து பட்ட குத்து எத்தனை, வரும் வழியில் வாங்கிய ஜாப் எத்தனை என்று எண்ணினால்தான் 'பலன் தரும்' என்ற சொல்லின் கனம் புரியும்.

குத்து பட்டதா என்று தெரியாவிட்டால் அடித்தவரைப் பார்க்காதீர்கள். வாங்கியவரின் தலையைப் பாருங்கள். தலை பின்னால் சொடுக்கினால் பட்டது. தோளும் கையுறையும் மட்டும் அசைந்தால் தடுத்துவிட்டார். விட்டேக்கர் போன்ற இடக்கை நிலை (வலக்கையை முன்னே வைத்து நிற்கும்) வீரர்களிடம் இது இரட்டிப்புச் சிக்கல்: அவர்களின் வலது ஜாப்பும், வலக்கை நிலை எதிராளியின் இடது ஜாப்பும் ஒரே கோட்டில் மோதிக்கொள்ளும். கேமரா எதிர்ப்பக்கத்தில் இருந்தால் உடலில் விழும் இடது குத்து தெரியவே தெரியாது. நெருங்கி நின்று சண்டையிடும்போது ரெஃபரியின் முதுகும் மறைக்கும். மூன்று நடுவர்களும் வளையத்தின் மூன்று பக்கங்களில் உட்காருவதால் அவர்களுக்கும் இதே கதி. மூவரும் உண்மையில் மூன்று வேறு சண்டைகளைப் பார்க்கிறார்கள். அட்டைகள் ஒரு சுற்றில் வேறுபட்டால் உடனே சதி என்று எழுத வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றையும் நிமிடம் நிமிடமாக மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். இல்லாவிட்டால் கடைசி முப்பது நொடிகள் மொத்தச் சுற்றையும் விழுங்கிவிடும். முதல் இரண்டு நிமிடத்தைத் தெளிவாக எடுத்தவர் கடைசியில் ஒரு கூட்டுத் தாக்குதலை வாங்கினால், அந்தத் தாக்குதல் உண்மையில் எவ்வளவு பட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை வேறொரு நாளில், 'சாய்வு', 'இழுபறி' சுற்றுகளை மட்டும். மூன்றாம் முறை அந்த இழுபறிகளைப் பாதி வேகத்தில். பாதி வேகம் குத்து பட்டதா என்று சரிபார்க்க மட்டுமே. அந்த வேகத்தில் புள்ளி போடக் கூடாது. மெதுவாக ஓட்டும்போது லேசான தட்டும் கனமான குத்தும் ஒன்றுபோலத் தெரியும்.

ஏழாம் படி: ஒற்றை எண் வேண்டாம், வரம்பு எழுதுங்கள்

ஒரு சண்டையில் ஒருவருக்கு 5 தெளிவு, மற்றவருக்கு 3 தெளிவு, 4 இழுபறி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல்வருக்கு நியாயமான வரம்பு 5 முதல் 9 சுற்று வரை. அதாவது 113-115 முதல் 117-111 வரை எந்த அட்டையும் நிற்கும். அவருக்கு 4 சுற்றுதான் என்று ஒரு நடுவர் எழுதினால், அவர் ஒரு தெளிவான சுற்றைப் பிடுங்கியிருக்கிறார். தவறான அட்டை என்றால் இதுதான்.

வரம்புக்குள் இருந்தாலும் கவனிக்க ஒன்று உண்டு. நான்கு இழுபறியும் ஒரே குறிப்பிட்ட வீரருக்குப் போவதற்கு, காசு சுண்டுவது போன்ற சம வாய்ப்பில், 16இல் ஒரு வாய்ப்பு. ஒரு நடுவருக்கு அப்படி நேரலாம். மூன்று நடுவருக்கும் ஒரே பக்கம் நேர்ந்தால் சார்பைப் பற்றிக் கேட்க உங்களுக்கு அடிப்படை இருக்கிறது. அதற்கு முன் இல்லை.

எட்டாம் படி: குத்து எண்ணிக்கையைக் கடைசியில் திறவுங்கள்

கம்ப்யூபாக்ஸ் என்ற குத்துக் கணக்கு முறையின் எண்கள் மனிதர்கள் எண்ணுவது. ஒருவர் ஒரு வீரரை மட்டும் பார்த்து, பட்ட குத்து, படாத குத்து, ஜாப், கனமான குத்து என்று பொத்தான் அழுத்துகிறார். அதில் குத்தின் கனம் இல்லை. அதைவிட முக்கியமாக, மொத்த எண்ணில் சுற்று இல்லை. ஒரு சுற்றில் 25 குத்து அதிகமாகப் பட்டாலும் கிடைப்பது ஒரு சுற்றுதான். மற்ற சுற்றுகளில் இரண்டிரண்டு குத்துகளில் பின்தங்கினால் அத்தனையும் போய்விடும்.

டி லா ஹோயாவுக்கு எதிராக விட்டேக்கர் 232 குத்துகள் பதித்தார், டி லா ஹோயா 191. விட்டேக்கருடையவற்றில் ஜாப் மிக அதிகம், டி லா ஹோயாவுடையவற்றில் கனமான குத்து அதிகம். ஆகவே 232 என்ற எண் விட்டேக்கர் வென்றதைக் காட்டாது. ஆனால் 9-3 என்ற அட்டையைக் கேள்வி கேட்க அது போதும்.

பாக்கியாவ்–பிராட்லியில் 253க்கு 159. 2017 ஜூலை 2 அன்று பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்னுக்கு எதிராகப் பாக்கியாவ் 182, ஹார்ன் 92. இடைவெளி இரண்டிலும் பெரிது, ஆனால் மறுஆய்வுகள் வேறு வேறாக வந்தன. ஹார்ன் சண்டையை டபிள்யூ.பி.ஓ. மறுபடி ஐந்து பேரிடம் கொடுத்தபோது மூவர் ஹார்னுக்கும் ஒருவர் பாக்கியாவுக்கும் எழுதினார்கள், ஒருவர் டிரா. 9ஆம் சுற்றில் பாக்கியாவ் ஹார்னைச் சண்டை நிற்கும் நிலைக்கே கொண்டுபோனார். அந்தக் குத்துகளெல்லாம் ஒரே சுற்றில் போய்ச் சேர்ந்தன. அன்று ஹார்னுக்கு வெற்றி தந்த 115-113 அட்டைகளைக் கொள்ளை என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். 117-111க்குத்தான் என் பார்வையில் எந்த நியாயமும் இல்லை.

ஒன்பதாம் படி: தீர்ப்பை வகைப்படுத்துங்கள், இரு பக்கமும்

உங்கள் வரம்பு இரு வீரரின் வெற்றிக்கும் இடம் தந்து, அட்டைகளும் வரம்புக்குள் நின்றால் அது இழுபறி. வென்றவர் வரம்புக்குள் இருக்கிறார், ஆனால் அட்டை வரம்பைத் தாண்டுகிறது என்றால் 'அட்டை தவறு'. அறிவித்த முடிவுக்கே வரம்பில் இடமில்லை என்றால் தவறான தீர்ப்பு.

விட்டேக்கருக்கு இதை ஓட்டினால் என் கணக்கு இப்படி வருகிறது. சாவேஸ் டிரா தவறான தீர்ப்பு. தொடக்கச் சுற்றுகளில் சாவேஸுக்கு நியாயமான பங்கு உண்டு. ஆனால் நடுவிலிருந்து விட்டேக்கர் ஜாப்பால் மட்டுமின்றி, சாவேஸின் சொந்த வீடான நெருங்கிய தூரத்திலும் அவரை மீறினார். எல்லா இழுபறிகளையும் சாவேஸுக்கே கொடுத்தாலும் ஆறு சுற்று சேர்ப்பது கடினம். டி லா ஹோயா சண்டை 'அட்டை தவறு' வகை. வீழ்ச்சியையும் கழிப்பையும் சேர்த்தால் நியாயமான வரம்பு, விட்டேக்கருக்கு 114-112 முதல் டி லா ஹோயாவுக்கு 114-112 வரை. டி லா ஹோயா வென்றார் என்பதை ஏற்கலாம். 116-110ஐ ஏற்க முடியாது.

1988 மார்ச்சில் பிரான்சில் ஹோசே லூயிஸ் ராமிரெஸிடம் பிளவுத் தீர்ப்பில் தோற்றது தவறான தீர்ப்பு. அப்போது விட்டேக்கர் 15 சண்டை மட்டுமே போட்டவர். 17 மாதம் கழித்து நார்ஃபோக்கில் நடந்த மறுசண்டையில் அவர் ஒருமனதாக வென்றார். அதை முதல் தீர்ப்பு தவறு என்பதற்கான ஆதாரமாக்க வேண்டாம். 1989இன் விட்டேக்கர் 1988இன் விட்டேக்கரைவிட வளர்ந்தவர். முதல் சண்டையை அதன் சுற்றுகளை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இனி விருப்பமில்லாத பகுதி. 1996 ஏப்ரலில் வில்ஃப்ரெடோ ரிவேராவை அவர் பிளவுத் தீர்ப்பில் வென்றார். ரிவேராதான் வென்றார் என்று நினைத்தவர்கள் பலர். என் கணக்கில் அது இழுபறி. அதே ஆண்டு செப்டம்பரில் மறுசண்டையை விட்டேக்கர் ஒருமனதாக எடுத்தார். சாவேஸ், ராமிரெஸ் தீர்ப்புகளைத் திருத்தும் கை இந்த வரியையும் தொட வேண்டும். தொடாவிட்டால் அது மதிப்பீடல்ல, வக்காலத்து.

இன்னொரு கேள்வி: சர்ச்சைக்கு வீரரே வழிவிட்டாரா? 1999 செப்டம்பரில் டி லா ஹோயா டிரினிடாடிடம் 115-113, 115-114, 114-114 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றார். முன்னிலையில் இருப்பதாக நம்பி அவர் கடைசிச் சுற்றுகளில் விலகி ஓடினார். அந்தச் சுற்றுகளை டிரினிடாடுக்குக் கொடுத்த நடுவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட சண்டையில் தீர்ப்பை ஒரு வரியிலும், வீரரின் உத்தித் தவறை இன்னொரு வரியிலும் எழுதுங்கள்.

பத்தாம் படி: பதிவேட்டைத் தொடாமல் மதிப்பீட்டைத் திருத்துங்கள்

அதிகாரபூர்வ எண் அப்படியே இருக்கட்டும். திருத்திய எண்ணைப் புதிதாக எழுதுவது வாசகரைக் குழப்பும். அதற்குப் பதில், பக்கத்தில் ஒரு பத்தி போட்டு மதிப்பை எழுதுங்கள். தவறான தீர்ப்பை எதிர் முடிவாகவே எடையிடலாம். இழுபறியில் இருவருக்கும் பாதி. 'அட்டை தவறு' என்றால் முடிவு நிற்கும், ஆனால் அதை நெருக்கமான தோல்வியாகப் படிக்க வேண்டும். 33 வயதில், 24 வயது டி லா ஹோயாவுக்கு எதிராக, ஒருவேளை ஒரே சுற்று வித்தியாசத்தில் தோற்றது, 9-3 தோல்வியிலிருந்து முற்றிலும் வேறு சேதி.

அப்படித் திருத்தியபின் விட்டேக்கரின் உச்சக் காலத்தில் ஒரு தோல்வியும் இல்லை. அன்று தோல்வியே அறியாத சாவேஸ் மீது ஒரு வெற்றி சேர்கிறது. ரிவேரா மீதான முதல் வெற்றி பாதியாகிறது. டிரினிடாட் தோல்வி முழுதாக நிற்கிறது, வயதுக் குறிப்போடு. நான்கு எடைகளில் பட்டம் என்பதில் 154 பவுண்டு பட்டம் ஒரே சண்டையின் பலன் என்பதால் அதற்குக் கனம் குறைவு. 135இல் அவர் ஆண்ட விதத்துக்குக் கனம் அதிகம்.

அவரை வேறு வெல்டர்வெயிட்டுகளோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், அவர்களுடைய நெருக்கமான வெற்றிகளுக்கும் இதே பத்துப் படிகளை ஓட்டிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஒருவருக்கு மட்டும் திருத்திய பட்டியலும் மற்றவருக்குத் திருத்தாத பதிவேடும் வைத்து வரிசைப்படுத்துவதுதான் இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. வேலை அதிகம் என்றால் ஒப்பிடும் வீரர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், படிகளைக் குறைக்காதீர்கள். சில வாரம் கழித்து உங்கள் அட்டைகளில் ஒன்றை மட்டும், பழையதைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு சுற்றுக்கு மேல் வேறுபாடு வந்தால், எல்லாச் சண்டைகளிலும் உங்கள் 'தெளிவு'க் குறிகளில் சில 'சாய்வு'க்கு இறங்க வேண்டும். வரம்புகளையும் அதற்கேற்ப அகலப்படுத்திய பின்னரே வெளியிடுங்கள்.